விடைக்குறிப்பு இல்லாத எட்டுச் சுற்று

அடுத்த வியாழக்கிழமை ஆண்டாய்வு என்று காலைப் பிரேயரில் அறிவித்த நிமிடத்திலிருந்து அனுசியாவுக்கு வயிறு சரியில்லை.

பிளஸ் ஒன்னில் அவள்தான் முதல் ரேங்க். அவளுக்குப் பரீட்சையைக் கண்டு பயமில்லை, பரீட்சைக்குத்தான் அவளைக் கண்டு பயம் என்று திருச்சுழிப் பக்கத்து அந்த அரசுப் பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. ஒரு விடையை எழுதும்போது அது புத்தகத்தில் இடப்பக்கமா வலப்பக்கமா, அச்சு எங்கே மங்கியிருந்தது என்பது வரை அவள் கண்ணுக்குள் வந்து நிற்கும். அப்படிப்பட்டவளின் கையில் ஒரு கிளாரினெட்டைக் கொடுத்து, 'தாளம் எட்டுச் சுற்று வரும்வரை உனக்குத் தோணுவதை வாசி' என்றால் என்ன தோன்றும்? வாந்திதான்.

கொடுத்தவர் இம்மானுவேல் சார். பகுதி நேர இசை ஆசிரியர். வாரத்துக்கு ஒரே ஒரு பீரியடு, அதுவும் வியாழக்கிழமை கடைசிப் பீரியடு. வாத்தியங்கள் பாளையம்பட்டியில் இருக்கும் அவருடைய சித்தப்பாவின் பேண்டு செட்டிலிருந்து வரும். அதனால் முகூர்த்த நாளிலும் ஊரில் பெரிய சாவு விழுந்த நாளிலும் இசை வகுப்பு கிடையாது. அனுசியாவின் கிளாரினெட் பெட்டிக்குள் காய்ந்த ரோஜா இதழ்கள் ஒட்டிக் கிடக்கும். கல்யாண ரோஜாவா, மற்றதா என்று அவள் கேட்டதில்லை. கேட்காதவரைக்கும்தான் வாயில் வைக்க முடியும்.

ஆடி மாதம் முதல் வகுப்பில் சார் தன் போனை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டி ஜாஸ் என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு நொண்டியது. ஆனால் அந்த நொண்டல் நேரம் தவறவில்லை. ஒவ்வொரு காலையும் கொஞ்சம் தாமதமாக, வேண்டுமென்றே வைத்து நடந்தது. ஒரு சாக்ஸபோன் ஏதோ கேட்டது, ஒரு டிரம்பெட் அதற்கு எகத்தாளமாகப் பதில் சொன்னது, பின்னால் டிரம்காரர் இரண்டு பேருடைய பேச்சுக்கும் 'ம்' கொட்டினார். அனுசியாவின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் தானாக ஆடியது. அவளைக் கேட்காமல் அவள் உடம்பில் ஒன்று நடந்தது அன்றைக்குத்தான். பயமாக இருந்தது. வீட்டுக்குப் போகிறவரை அது நிற்கவேயில்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

"மெட்ட எல்லாரும் சேந்து வாசிக்கணும்," என்றார் சார். மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு செட் வாசிக்கும் மெட்டைத்தான் எடுத்திருந்தார். "மெட்டுதான் வீடு. பெறகு ஒவ்வொருத்தரா வீட்ட விட்டு வெளிய போயி, நாலு தெரு சுத்திட்டு, எட்டாவது சுத்து முடியையில வாசலுக்கு வந்துரணும். எந்தத் தெருன்னு நான் சொல்ல மாட்டேன். மத்தவுக என்ன வாசிக்காகன்னு மட்டும் கேட்டுக்கிட்டே போங்க."

மற்ற எல்லாப் பாடத்திலும் பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பது குற்றம். இந்த ஒரு பாடத்தில் பார்க்காவிட்டால் குற்றம்.

அனுசியா கையைத் தூக்கினாள். "சார், இதுல எது இம்பார்ட்டண்ட்?"

"இம்பார்ட்டண்டே கெடையாதும்மா."

வகுப்பு மொத்தமும் வெளிறிப்போனது.

ஆனாலும் வாரத்தில் அந்த நாற்பது நிமிடத்துக்காக அவள் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் ரேங்க்காரிக்கு விடை தெரியாத இடம் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் ஊரில் என்ன பேசுவார்கள்?

அந்த நாற்பது நிமிடத்தின் மேல்தான் கணக்கு வாத்தியார் வெள்ளத்துரை சாருக்குக் கண். ஆண்டாய்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் தலைமையாசிரியை ராஜேஸ்வரி டீச்சர் அறையில் பேசியது வராந்தா வரைக்கும் கேட்டது.

"மேளம் அடிச்சா சென்டம் வருமா டீச்சர்? அந்தப் பீரியட எனக்குக் குடுங்க. மெல்லக் கற்போர் பதினஞ்சு பேர நான் கரையேத்திருவேன்."

"வியாழக்கெழம அதிகாரி வாராக. அவுக பாத்துச் சொல்லட்டும். உபயோகம் இல்லேன்னா அடுத்த வாரத்துலருந்து ஒங்களுக்குத்தான்," என்றார் டீச்சர்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் அனுசியாவின் பாட்டில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

ஆய்வில் மூன்று பேர் தனியாக வாசிக்க வேண்டும். டிரம்பெட்டில் முகேஷ், சாக்ஸபோனில் மாரிச்செல்வம், கடைசியாக கிளாரினெட்டில் அனுசியா. வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வரும் நர்கிஸ் சைடு டிரம். முந்தின வியாழக்கிழமை வகுப்பிலேயே, தனியாக வாசிக்கும் மூன்று பேரும் சாரைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சியிருந்தார்கள். "ஒரே ஒரு மாதிரி சார். மாதிரி வினாத்தாள் மாதிரி. ஒரே ஒரு தடவ."

சார் பெருமூச்சு விட்டு டிரம்பெட்டை எடுத்து எட்டுச் சுற்று வாசித்தார். அருமையாக இருந்தது. ஐந்தாவது சுற்றில் மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்து ஒரு இருமல் இருமினார். நர்கிஸ் அதை அவருடைய போனிலேயே பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

அனுசியா அன்றைக்கே படிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் படித்தாள், சாப்பிடும்போது படித்தாள். இரண்டாம் நாள் எட்டுச் சுற்றும் கண்ணை மூடினால் பக்க எண்ணோடு வந்தது. மற்ற இரண்டு பேரும் இவ்வளவு சிரமப்பட மாட்டார்கள் என்று திடமாக நம்பினாள். முதல் ரேங்க்காரர்களுக்கு எப்போதும் உள்ள மூடநம்பிக்கை அது.

அப்படியும் வயிறு அடங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் பெரிய சாவு ஏதாவது விழுந்தால் வகுப்பே இருக்காது என்று ஒரு யோசனை வந்தது. அவள் நல்ல பிள்ளை, அப்படியெல்லாம் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் "மேலத்தெரு தாத்தாவுக்கு ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டாள்.

"காலையில ஆறு இட்லி தின்னாராம். ஒனக்கு என்னடி திடீர்னு அவரு மேல பாசம்?" என்றாள் அம்மா வெள்ளைத்தாய்.

வியாழக்கிழமை வந்தது. அதிகாரியும் வந்தார். வெயிலில் வந்த களைப்போடு நாற்காலியில் அமர்ந்தார். ஒரு பக்கம் ராஜேஸ்வரி டீச்சர், மறுபக்கம் வெள்ளத்துரை சார், கையில் கணக்குப் புத்தகத்தோடு. அடுத்த வாரத்துப் பீரியடுக்கு இப்போதே வந்துவிட்டவர்போல இருந்தார்.

எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசித்தார்கள். பிறகு முகேஷ் எழுந்தான்.

முதல் சுற்றிலேயே அனுசியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவளுடைய விடை. ஒரு மாத்திரைகூட மாறாமல், சார் வாசித்த அதே எட்டுச் சுற்று. ஐந்தாவது சுற்றில் முகேஷ் டிரம்பெட்டை இறக்கி, மரியாதையாக ஒரு இருமல் இருமிவிட்டு, மேலே போனான்.

இம்மானுவேல் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து மாரிச்செல்வம். அதே எட்டுச் சுற்று. அதே இடத்தில் இருமல். அவன் கொஞ்சம் கூடுதலாகப் பயிற்சி எடுத்திருந்தான், இருமல் சார் குரலிலேயே இருந்தது.

இப்போது அனுசியாவும் அதையே வாசித்தால்? மூன்று பேப்பரில் ஒரே விடை இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது இருமலோடு இந்தப் பீரியடு செத்துப்போகும். வெள்ளத்துரை சார் ஏற்கெனவே புத்தகத்தைத் திறந்து பக்கம் தேடிக்கொண்டிருந்தார். வாசிக்காமல் உட்கார்ந்தாலும் செத்துப்போகும். அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. படித்தது எல்லாம் அந்த ஒன்றுதான்.

"ஏண்டி, எந்திரி," என்று நர்கிஸ் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். டிரம் ஓடிக்கொண்டே இருந்தது. அனுசியாவின் முதல் சுற்று அவள் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது.

எழுந்தாள். கிளாரினெட்டை வாயில் வைத்தாள். மூச்சு பாதிதான் வந்தது. 'கீச்' என்று ஒரு சத்தம், கதவிடுக்கில் அணில் மாட்டியதுபோல. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

'டக்' என்று நர்கிஸ் டிரம் விளிம்பில் ஒரு அடி வைத்தாள். அந்தக் கீச்சுக்குப் பதிலாக.

அனுசியா திடுக்கிட்டு இன்னொரு கீச். 'டக்டக்.' கைநடுக்கத்தில் ஒரு சாவி தப்பாக அமுங்கி, கீழே ஒரு கனத்த ஸ்வரம் வந்து விழுந்தது. அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்ற பயத்தில் அதையே மறுபடி வாசித்தாள், இந்த முறை கொஞ்சம் தாமதமாக. நர்கிஸ் காத்திருந்து சேர்ந்துகொண்டாள். அடுத்தது என்ன என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் மொட்டைக் கிணற்றின் விளிம்பில் வைக்கும் காலாக இருந்தது. எந்தத் தெருவில் போகிறோம் என்று அவளுக்குப் புரியவே இல்லை. எட்டாவது சுற்றில் மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வர, அரை மாத்திரை தள்ளி மெட்டின் வாசலில் வந்து விழுந்தாள். மற்றவர்கள் மெட்டை எடுத்தார்கள்.

இம்மானுவேல் சார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"மொத ரெண்டு பயலும் பிரமாதம். ஒருத்தன் வாசிச்சத இன்னொருத்தன் பிசகாம வாசிக்கான். இருமல் மொதக்கொண்டு. என்னா டிசிப்ளின்!" என்றார். பிறகு அனுசியாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தப் பிள்ளதான் பாவம். ஒண்ணுமே மனப்பாடம் ஆகல. பயந்துருச்சு. இது மெல்லக் கற்கும் பிள்ள."

ராஜேஸ்வரி டீச்சர், "சார், அது வந்து... அவதான் எங்க ஃபர்ஸ்ட் ரேங்க்..." என்று இழுத்தார்.

"அப்ப இன்னும் மோசம். ஃபர்ஸ்ட் ரேங்க்குக்கே இந்த நெலமையா? வாரத்துக்கு ஒரு பீரியடு எப்படிக் காணும்? இன்னொண்ணு குடுங்க." பக்கத்தில் திரும்பினார். "சார், நீங்க என்ன பாடம்?"

"க... கணக்கு சார்," என்றார் வெள்ளத்துரை.

"ஒங்களுக்கு வாரத்துக்கு எட்டு இருக்குல்ல? செவ்வாக்கெழம ஒண்ணு விட்டுக்குடுங்க. பிள்ள முன்னேறட்டும்."

வெள்ளத்துரை சார் புத்தகத்தை மூடினார். மூடும்போது அவரே ஒரு இருமல் இருமினார். யாரும் கவனிக்கவில்லை.

அதிகாரியின் கார் போனபிறகு முகேஷும் மாரிச்செல்வமும் யார் இருமல் அசல் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அனுசியா கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இம்மானுவேல் சார் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏம்மா, கீழ ஒரு ஸ்வரத்துல போயி நின்னியே. அதுக்கு எப்படி வழி தெரிஞ்சுச்சு?"

"தெரியல சார். கை தப்பிருச்சு. பயத்துல வந்துச்சு."

"நல்லா இருந்துச்சு."

"திருப்பி வாசிக்கவா சார்? மறக்கறதுக்குள்ள எழுதி வச்சுக்கிறட்டா?"

"வேண்டாம், வேண்டாம்," என்றார் சார் அவசரமாக. "மறந்துரு. செவ்வாக்கெழம வேற ஒண்ணு வரணும்."

செவ்வாய்க்கிழமை. அதற்கப்புறம் வியாழக்கிழமை. இனிமேல் வாரத்துக்கு இரண்டு தடவை. அனுசியா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பெட்டியைப் பூட்டிச் சாரிடம் கொடுக்கும்போது, செவ்வாய்க்கிழமை முகூர்த்த நாள் எதுவும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு, நல்லது என்று ஏன் சொன்னோம் என்று பயந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.