ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு அணி

தொண்ணூற்று நாலாம் ஆண்டு பங்குனியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், அருள்நாயகி கணவாய் மீன் கழுவிக்கொண்டு நின்றபோது, ஏரிக்கு அங்காலே, அமெரிக்கக் கரையில் இருக்கிற இரண்டு கல்லூரிகள் கூட்டை விட்டுப் போவதாக ரேடியோவில் சொன்னார்கள். அவள் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னப்பா, ஊரிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டபடி மரியரட்ணம் உள்ளேயிருந்து வந்தான்.

"ஊரிலை இல்லை. ஃபைவ் லேக்ஸிலை. ரெண்டு பேர் போகினமாம்."

மரியரட்ணம் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போனான். ஒஷாவாவில் கார் இருக்கை தைக்கும் தொழிற்சாலையில் ஐந்து நாளும் நின்று வேலை செய்பவன். சனிக்கிழமை பின்னேரம் மனைவிக்கு என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளும் முயற்சியை அவன் எப்போதோ கைவிட்டிருந்தான்.

அமெரிக்காவில் எட்டுப் பத்துக் கல்லூரிகள் ஒன்றாய்ச் சேர்ந்து, பருவம் முழுக்கத் தங்களுக்குள் மாறி மாறி விளையாடும். அந்தக் கூட்டுக்கு கொன்பரன்ஸ் என்று பெயர். பெரிய கூட்டு சின்னக் கூட்டிலிருந்து ஆள் பிடிக்கும். சின்னக் கூட்டு அதைவிடச் சின்னதிடம் பிடிக்கும். யார் போவார்கள், யார் வருவார்கள் என்று இரசிகர்கள் வாய் ஓயாமல் கதைப்பார்கள். ஃபைவ் லேக்ஸ் ஒரு சின்னக் கூட்டு. எட்டுக் கல்லூரிகள். அதில் பஃபலோவுக்குப் பக்கத்தில் இருந்த செயின்ற் பிரிஜித் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிதான் அருள்நாயகியின் அணி.

அணியை அவள் ஒருநாளும் கண்டதில்லை. இரண்டு மாரிக்கு முன்னர், ரொறொன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில், மில்லிக்கனில் அவர்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற் சமையலறையில், தமிழ் நிகழ்ச்சி தேடி ரேடியோவைத் திருகியபோது முள் ஓரிடத்தில் தங்கிவிட்டது. தண்ணீரைத் தாண்டி வந்த குரல் அது. ஒரு வயதான மனிதர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய இங்கிலிஸ் அவளுக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய கால்கள் தாமாகவே அசைந்தன.

முகம் தெரியாத பெண்களுக்கு அவளே முகம் கொடுத்தாள். பதினாலாம் நம்பர் டெனிஸுக்கு, பிளாஸாவில் மீன் வெட்டித் தருகிற பிள்ளையின் முகம். பந்தைக் கொண்டோடும் குட்டைப் பெண்ணுக்கு, ஸ்ரீல்ஸ் தெருவில் பஸ் ஓட்டுகிற பெண்ணின் முகம். ஆகவே அவளுடைய அணி கிழமை நாட்களில் ஸ்காபரோ முழுக்கச் சிதறி வேலை செய்தது. பஸ்ஸில் ஏறும்போது அருள்நாயகிக்கு, "புதன்கிழமை நல்லாய் விளையாடினீர்" என்று சொல்ல வாய் உன்னும்.

அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வழியில்லை. அவர்களை அகதிகள் என்று ஏற்றுக்கொண்டாயிற்று. நிரந்தர வதிவிடப் பேப்பர்தான் வரவில்லை. ஒட்டாவாவில் அரசாங்கம் கேட்ட பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இடப்பெயர்வில் போய்விட்டன. பேப்பர் இல்லாமல் எல்லைப் பாலத்தைத் தாண்டினால் திரும்பி வரலாம் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

இப்போது கூட்டில் ஆறு கல்லூரிதான் மிச்சம். இரண்டு புதிதாகச் சேராவிட்டால் கூட்டே கலைந்துவிடும் என்றார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு, இரசிகர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி நடக்கும். ஒருவர் ஒஹாயோக் கல்லூரி ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். இன்னொருவர் பென்சில்வேனியாவில் மலைக்கு அங்காலே இருந்த ஒன்றைச் சொன்னார். "அங்கை பனிக்காலத்திலை பஸ் போகாது" என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். கலியாணப் பேச்சுப் போலவே இருந்தது. குலம், கோத்திரம், தூரம், பழைய பகை எல்லாம் பார்த்தார்கள்.

அருள்நாயகி பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஏரியைக் கீறினாள். சுற்றிவரக் கல்லூரிகளைப் புள்ளியாக வைத்தாள். தெற்குக் கரை முழுக்கப் புள்ளி. வடக்குக் கரை வெறுமையாய்க் கிடந்தது. அந்த வெறுமையில், தான் வேலை செய்யும் கல்லூரிக்கு ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். படம் சட்டென்று முழுமையானது போலத் தெரிந்தது.

அவள் அந்தக் கல்லூரியின் விளையாட்டு மண்டபத்தில் விளையாடுபவர்களுக்கு உடம்பு துடைக்கத் துவாய் கொடுக்கும் கவுன்ரரில் நிற்பவள். காலை ஆறு மணிக்குப் போய்ச் சீருடைகள் தோய்த்துக் காய வைத்து மடிப்பாள். மெசின் சுற்றும் சத்தத்துக்கு மேலாக, மண்டபத்தில் பந்து தரையில் குத்துவது கேட்டபடி இருக்கும். செயின்ற் பிரிஜித் இங்கே வந்து விளையாடினால்? தான் போகத் தேவையில்லை. அவர்கள் வருவார்கள்.

அன்று பின்னேரம் மரியரட்ணம் அவளை ரூஜ் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏரியைத்தான் அவர்கள் கடல் என்பார்கள். பனிப்புகார் இறங்கியிருந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை. அதற்குள்ளே எங்கோ பத்துப் பெண்கள் ஓடுகிறார்கள், சப்பாத்து கிறீச்சிடுகிறது, பந்து காற்றில் தொங்குகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள்.

"அங்காலே ஒண்டும் தெரியாது," என்றான் மரியரட்ணம்.

"எனக்குத் தெரியுது," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் தொலைபேசியை எடுத்தாள். இருபது நிமிடம் காத்திருந்த பின், "ஸ்காபரோ, சொல்லுங்கள்" என்றது அந்தக் குரல். அவள் தாளை விரித்தாள். எழுதி வைத்ததை அப்படியே வாசித்தாள். எங்கடை கல்லூரி. மண்டபத்தின் தரை மேப்பிள் பலகை. ஆயிரத்து இருநூறு பேர் இருந்து பார்க்கலாம். பஃபலோவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம், ஒஹாயோவைவிடக் கிட்ட. சுடுதண்ணீர் ஒருநாளும் நிற்காது.

ஸ்ரூடியோவில் சிரித்தார்கள். "வேறு நாடு அம்மா அது!"

"ஏரி ஒண்டுதானே," என்றாள் அவள், தன் இங்கிலிஸில்.

அதற்குப் பிறகு ரொச்செஸ்ரரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் எடித். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவளாம். "அந்த ஸ்காபரோப் பெண் சொல்வது சரி. நான் பஸ் ஓட்டினவள், எனக்குத் தூரம் தெரியும். சிரிக்கிறவர்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்" என்று அதட்டினாள்.

கதை அங்கேதான் கால் முளைத்து நடக்கத் தொடங்கியது. அடுத்த கிழமை மூன்று பேர் அதைப் பற்றிப் பேசினார்கள். அதற்கடுத்த கிழமை, ரொறொன்ரோவிலிருந்து ஆட்கள் வந்து கூட்டின் தலைவரோடு சாப்பிட்டதாகத் தன் மைத்துனன் கண்டான் என்று ஒருவர் சத்தியம் செய்தார். சித்திரை முடிய, "நம்பத்தகுந்த வட்டாரம்" என்ற சொல் வந்துவிட்டது. அருள்நாயகி மாவைப் பிசைந்தபடி கேட்டாள். தன் வாயிலிருந்து போன கதை ஏரியைச் சுற்றிவந்து, வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு தன்னிடமே வந்தபோது, அவளும் அதை நம்பினாள்.

வைகாசியில் ஒரு காலை, கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் ஹட்சன் கவுன்ரருக்கு வந்தார். கையில் பஃபலோப் பத்திரிகைத் துண்டு.

"நாங்கள் ஃபைவ் லேக்ஸில் சேரப்போகிறோமாம். எனக்கே தெரியாது. உனக்குத் தெரியுமா, இது எங்கேயிருந்து வந்தது?" பகிடியாகத்தான் கேட்டார். எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தவர் அவளையும் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். துவாய் கொடுக்கிறவளை யார் சந்தேகிப்பார்கள்? வேலை போனால் மரியரட்ணத்தின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்பு ஓடியது. ஆனால் அந்தத் துண்டில் 'மேப்பிள் தரை, தடையில்லாத சுடுதண்ணீர்' என்று அச்சாகியிருந்தது. தன் சொற்களை அவள் அப்போதுதான் முதன்முதலாக அச்சில் கண்டாள்.

"என்னிடமிருந்து," என்றாள்.

ஹட்சன் அவளைப் பார்த்தார். பிறகு கவுன்ரரின் இந்தப் பக்கம் வந்து, துவாய்க் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரேடியோ, பேப்பர், பாலம், பதினாலாம் நம்பர் எல்லாம். அவர் பத்திரிகைத் துண்டை நாலாக மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தபோது மெல்லச் சொன்னார்: "நடக்காது, அருள். அவர்கள் விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புக்குப் பணம் கொடுப்பார்கள், நாங்கள் கொடுப்பதில்லை. அவர்களுடைய சட்டம் வேறு, எங்களுடையது வேறு."

"ஓம்," என்றாள் அவள். இங்கிலிஸ் மறந்துபோயிருந்தது.

அவர் எழும்பிப் போனார். வேலை போகவில்லை.

ஆனியில் கூட்டு முடிவை அறிவித்தது. ஒஹாயோவில் ஒன்று, பென்சில்வேனியாவில் ஒன்று. ரேடியோக்காரர் ரொறொன்ரோவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கதைத்தவர்கள் எல்லோரும், எப்போதும் அந்த இரண்டைத்தான் சொன்னவர்கள் போலக் கதைத்தார்கள். அருள்நாயகி ரேடியோவை நிற்பாட்டினாள். கண்ணீர் வந்தது. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது.

மரியரட்ணம் பக்கத்தில் வந்து நின்றான். பகிடி பண்ணவில்லை. "உவங்களுக்குப் படம் பாக்கத் தெரியாது," என்றான். அவள் கீறிய படத்தை அவன் பார்த்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆடியில் ஹட்சன் மறுபடியும் கவுன்ரருக்கு வந்தார். செயின்ற் பிரிஜித் பயிற்சியாளரோடு கதைத்தாராம். அமெரிக்க அணிகள் நாலு வருடத்துக்கு ஒருமுறை வெளிநாடு போய்ப் பருவத்துக்கு முன்னரே விளையாடச் சட்டம் இடம் கொடுக்கிறதாம். ஐரோப்பா போக அவர்களுக்கு வசதியில்லை.

"ஆவணி கடைசிச் சனிக்கிழமை," என்றார். "இரண்டு மணித்தியாலத்தில் ஒரு வெளிநாடு இருக்கிறது என்று சொன்னேன். சுடுதண்ணீர் பற்றியும் சொன்னேன்."

அந்தச் சனிக்கிழமை வெய்யில் மஞ்சளாக இருந்தது. உயர்ந்த கண்ணாடி வழியாக இறங்கிய ஒளியில் மண்டபம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது. பார்க்க வந்தவர்கள் எண்பது பேர் வரும். எடித் ரொச்செஸ்ரரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். சின்ன, மெலிந்த, கறுப்பினக் கிழவி, தொப்பியில் செருகிய வாத்து இறகோடு. அருள்நாயகியைக் கண்டதும், "இவ்வளவு பெரிய குரலுக்கு இவ்வளவு சின்ன ஆளா!" என்று கட்டிப்பிடித்தாள். அருள்நாயகியும் அதையேதான் நினைத்தாள்.

கவுன்ரருக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். வெளிறிய தலைமுடி, மூக்கு முழுக்கப் புள்ளி. மீன் வெட்டுகிற பிள்ளையின் சாயல் ஒரு துளியும் இல்லை. சட்டையில் பதினாலு.

"துவாய் தருவீர்களா?"

அருள்நாயகி இரண்டு கொடுத்தாள். "மாசியில், கடைசி நிமிசத்தில், இடக்கையால் போட்டீரே," என்றாள்.

டெனிஸ் திகைத்தாள். "அதை யார் பார்த்தார்கள்? அன்றைக்குப் பனிப்புயல். என் அம்மாகூட வரவில்லை."

"நான் பார்த்தன்."

பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போனாள்.

ஹட்சன் யாரையோ கவுன்ரரில் நிற்கச் சொல்லிவிட்டு அருள்நாயகியைப் பார்வையாளர் வாங்கில் இருக்க வைத்தார். ஒரு பக்கம் எடித், மறுபக்கம் மரியரட்ணம். முதல் பத்து நிமிடம் அவள் கண்ணை மூடி மூடித் திறந்தாள். மூடினால் பழைய முகங்கள் ஓடின. திறந்தால் புதியவை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் கலந்து, பிறகு மூடத் தேவையில்லாமல் போயிற்று. தான் தோய்த்து மடித்த சீருடைகள் ஒரு பக்கம், தான் இரண்டு மாரி காத்த அணி மறுபக்கம். எந்தப் பக்கம் பந்து விழுந்தாலும் கை தட்டினாள். செயின்ற் பிரிஜித் இருபத்தாறு புள்ளியால் வென்றது. அவள் அதைப் பிறகுதான் கேட்டு அறிந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது ஸ்ரீல்ஸில் வாகனங்கள் ஊர்ந்தன. இடப்பக்க வயல்களில் புதிய வீடுகளின் மரச்சட்டங்கள் வெய்யிலில் நின்றன. எடித்தை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். இறங்கும்போது அவள், செயின்ற் பிரிஜித்தே அடுத்த வருடம் கூட்டை விட்டுப் போகப்போகிறது, நம்பத்தகுந்த ஆள் சொன்னது என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள்.

அருள்நாயகி அதை மரியரட்ணத்திடம் சொன்னாள். சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"அப்ப அவை போனால், ஆரைச் சேர்க்கிறது? எல்லைக்கு இந்தப் பக்கம், வின்சரிலை ஒண்டும் இல்லையே?"

அருள்நாயகி காரின் முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து பேனை தேடினாள்.