யாரும் சொல்லாமல் குனிந்தவர்

ஃப்ராவ்கெ டெட்மர் கையிலிருந்து பேனா விழுந்தால், அது தவறி விழுந்தது என்று அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் யாரும் நம்பமாட்டார்கள். நோயாளிகள் மட்டும் நம்புவார்கள். பாவம், அவர்களுக்கு அங்கே மூன்று வாரம்தான். விவரம் புரிவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அவள் அங்கே உடற்பயிற்சி நிபுணர். காலையில் தண்ணீருக்குள் பயிற்சி, பதினோரு மணிக்கு முதுகுவலிக்காரர்கள், பிற்பகலில் உடற்பயிற்சி சைக்கிள்கள். இது தாளில் எழுதிய வேலை. எழுதாத வேலை ஒன்றும் உண்டு. உடம்புக்கு முடியவில்லை, வேலையை விடுகிறேன், ஓய்வூதியம் கொடுங்கள் என்று கேட்கிறவர்களை ஓய்வூதிய அலுவலகம் முதலில் இங்கேதான் அனுப்பும். மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இந்த ஆள் தினமும் ஆறு மணி நேரம் வேலை செய்வாரா, மாட்டாரா? பதில் எழுதுகிறவர் டாக்டர் ராத்ஜென். அவரோ நோயாளியை மொத்தமே மூன்று தடவைதான் பார்ப்பார். அதனால் எழுதுவதற்கு முன் ஃப்ராவ்கெவுக்குத் தொலைபேசியில் பேசுவார்.

"பேனா விழுந்துச்சா?"

"விழுந்துச்சு டாக்டர். குனியவே முடியலன்னு ரெண்டு வாரமா அழுத மனுஷன், பொசுக்குனு குனிஞ்சு எடுத்துக் குடுத்துட்டார்."

அவ்வளவுதான், அந்த ஆளின் ஓய்வூதியம் முடிந்தது. பதினோரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. ஃப்ராவ்கெவின் கண்ணை ஏமாற்ற முடியாது என்று பெயர். போன வருடம் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்க வேறு மருத்துவமனைக்குக்கூட அழைத்தார்கள். நாற்பது பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஓய்வூதியம் கேட்டு இந்த முறை வந்தவர்களில் ஒருவர் ஹைனோ வூபெனா, கடலோரத்துக்காரர், வயது ஐம்பத்தொன்பது. நாற்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் வீட்டுக் குளியலறைகளில் மண்டியிட்டு டைல்ஸ் பதித்தவர். முதுகில் இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. ஓய்வூதியம் கிடைத்தால் பிழைத்தார். கிடைக்காவிட்டால் மறுபடி தரையில் முட்டி போட வேண்டியதுதான், அந்த வயதில் வேறு வேலையை யார் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்?

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ஃப்ராவ்கெ அவருடைய மேசையைத் தாண்டிப் போனாள். பக்கத்தில் இருந்த இன்னொரு நோயாளி, பேருந்து ஓட்டுநர், அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா நீ, இங்க வந்து இப்படி நிமிர்ந்து நடக்குற? கொஞ்சம் நொண்டுய்யா. நான் வந்த நாள்லேர்ந்து நொண்டுறேன். இப்ப நெசமாவே கால் வலிக்குது."

"எனக்கு நெசமா வலிக்கும்போதே நொண்டத் தெரியாதுப்பா," என்றார் ஹைனோ. "வேலை செய்யுற வீட்டு அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க. முனகிக்கிட்டா டைல்ஸ் போட முடியும்? அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க."

இதுவும் ஒரு நடிப்பு என்று ஃப்ராவ்கெ நினைத்துக்கொண்டாள். நல்லவன் வேஷம் போடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை அவருடைய முறை வந்தது. ஹைனோ சுவர்க்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவள் கை நிறையத் தாள்களுடன் கேள்வி கேட்டுக்கொண்டே பேனாவை நழுவவிட்டாள். ஹைனோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கம்பியை விட்டார், நேரே கீழே போனார், எடுத்தார், சட்டையில் துடைத்து நீட்டினார்.

"இந்தாங்க மேடம்."

முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, மேலுதட்டில் வேர்த்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் எழுதினாள்: 'யாரும் சொல்லாமல் தானாக முழுவதும் குனிந்தார். வலி இருப்பதாகக் காட்டவில்லை.'

கால் மணி நேரம் கழித்து, அடுத்த ஆளைக் கூப்பிட உடை மாற்றும் அறைக்குப் போனவள் அப்படியே நின்றாள். பெஞ்சுக்கும் அலமாரிக்கும் நடுவே ஹைனோ ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு காலணி கையில் இருந்தது. வாந்தி எடுத்திருந்தார். அதைத் தன் துண்டாலேயே துடைத்து, துண்டைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்.

"எவ்வளவு நேரமா இப்படிக் கெடக்குறீங்க?"

"இப்பத்தான் மேடம். குனிஞ்சா இப்படி ஆகும். கொஞ்ச நேரத்துல விட்டுரும்."

"தெரிஞ்சும் ஏன் குனிஞ்சீங்க?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "ஒரு பொம்பள கையிலேர்ந்து ஒன்னு விழுந்தா, பக்கத்துல நிக்கிற ஆம்பள மரமா நிப்பானா?"

ஃப்ராவ்கெவின் கண்முன் இருந்தது இவர் மட்டும் அல்ல. இடுப்பு வலிக்கார இறைச்சிக்கடைப் பெண், தபால்காரர், பள்ளிச் சமையல்காரி என்று பேனாவை எடுத்துக் கொடுத்த முகங்கள் வரிசையாக வந்தன. இவர்களில் எத்தனை பேர் பிறகு இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்? அவள் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. இவரைப் பற்றி எழுதிய ஒரு வரியை அழித்தால் பதினோரு வருடத்து வரிகளும் எழுந்து நின்று கேள்வி கேட்கும்.

"மேடம், ஒரு உதவி," என்றார் ஹைனோ மெதுவாக. "இதை எழுதிறாதீங்க. பேனா எடுத்ததுக்கு வாந்தி எடுத்தான்னு டாக்டர் படிச்சா, மானம் போயிரும்."

அவரே கேட்டார். 'அட மனுஷா, இதை எழுதினால்தான் உனக்கு ஓய்வூதியம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவள் நாக்கு வரை வந்தது.

"சரி வூபெனா சார். எழுதல."

அவள் மண்டியிட்டு அவருக்குக் காலணியை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள். வெட்கத்தில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் பேசினார். "பேனா?"

"எடுத்துட்டார்."

"வலி?"

"காட்டிக்கல."

இது பொய் இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. மறுமுனையில் டாக்டர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. 'ஆறு மணி நேரமும் அதற்கு மேலும்' என்று வாய்விட்டுச் சொல்லியபடியே அடித்தார்.

கடைசி நாள் காலை ஹைனோ பெட்டியுடன் வந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பொட்டலம் ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"மூணு கப் குடிக்கணும் மேடம். அதுக்குக் கொறச்சா எங்க ஊர்ல மதிக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தணித்தார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. டாக்டர் என்கிட்ட ஒன்னுமே கேக்கல. உங்கள மறக்க மாட்டேன்."

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுல கேக்குறா," என்றார் அவர், "வேலைக்குப் போட்டுக்குற முட்டிப் பட்டைய எல்லாம் தூக்கிப் போட்டுரட்டுமான்னு. என்ன சொல்லட்டும்?"

"இப்ப வேணாம்னு சொல்லுங்க," என்றாள் ஃப்ராவ்கெ. "இருக்கட்டும்."

அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்து ஹைனோ சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொள்ள, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை மட்டும் நிறுத்தாமல் நின்றார்.