மூலையில் ஆறு பெயர்கள்

ஒரு மின்னணுச் சிப்பை வரைந்து முடித்ததும், மூலையில் எஞ்சும் வெற்றிடத்தில் தங்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துவிடுவது லண்டனில் இருந்த அந்தச் சிறிய அலுவலகத்தின் வழக்கம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சிப்புக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் தயாளினிக்குச் சம்பளத்தைவிட அதுதான் பெரிய சந்தோஷம்.

இந்த முறை கார் பிரேக்குக்கான சிப். ஜெர்மனியில் வரப்போகும் தொழிற்சாலையை நம்பி ஆறு பேர் மூன்று வருடம் உழைத்து வரைந்தது. அமைச்சர்மார் வந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டு, ஐரோப்பா இனி யார் கையையும் எதிர்பார்க்காது என்று முழங்கிவிட்டுப் போனார்கள். பேச்சுக்கு மட்டும் குறைவே இல்லை. அந்த நிலத்தில் புல்தான் வளர்ந்தது.

இடையில், ஆறு பேரில் இளையவளான ஜெஸ்ரினுக்குத் தைவானில் வேலை கிடைத்தது. தயாளினிதான் மறித்தாள்.

“பொறும் பிள்ளை, தொழிற்சாலை திறந்தால் எங்கட ஒபீசுக்கு நல்ல காலம்.”

“நீங்கள் சொன்னால் நிக்கிறன் அக்கா.”

டிசம்பரில் தொழிற்சாலையைக் கைவிட்டார்கள். ஜனவரியில் ஓர் அமெரிக்க நிறுவனம் வரைபடத்தை மட்டும் வாங்கியது, ஆட்கள் வேண்டாமாம். சோதனை முடியும்வரை தயாளினி மட்டும் இருக்கலாம். மூலையைத் துடைத்துவிட்டு ஒப்படைக்கும்படி மின்னஞ்சல் வந்தது.

ஜெஸ்ரின் தன் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்கட பேரை எடுக்கச் சொல்லீனமோ?”

“ஓம். எழுத்து இருந்தால் சிப் பழுதாகிடுமாம்.”

“இவ்வளவு காலமும் பழுதாகேல்லையே.”

தயாளினி பேச்சை மாற்றினாள். “தைவான்காரரிட்டத் திரும்பக் கேட்டுப் பாருமன்.”

“கேட்டனான் அக்கா. வேற ஆள் எடுத்திட்டினம்.”

தயாளினிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஜெஸ்ரினுடையதை அழிக்கும்போது திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

கோடையில், தைவானில் செய்த மாதிரிச் சிப்புகள் வந்தன. எல்லாச் சோதனையிலும் தேறின. ஒரு பிழைகூட இல்லை. சேர்ந்து மகிழத்தான் ஆளில்லை. ஐந்து கதிரைகளும் காலி.

இப்போது இல்ஃபோர்டில் ஒரு கடையில் கைபேசி விற்கும் ஜெஸ்ரின், சிப்பை ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தாள். தயாளினி சிப்பை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். மூலை வெறுமையாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். அங்கே அவளுக்குத் தெரியாத நாலு பேரின் எழுத்துகள் இருந்தன.

படம் எடுத்தாள். அந்த மூலையை வெட்டிவிட்டு ஜெஸ்ரினுக்கு அனுப்பினாள்.