இளையதின் எஞ்சின்

எங்கள் யார்டில் கட்டுகிற கப்பல்களுக்கு முறையான பெயர் உண்டு. பித்தளை எழுத்தில் செய்து பின்புறம் பதித்திருப்பார்கள். நாங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. வோல்கா நதியின் கரைச்சுவரை ஒட்டி அடுத்தடுத்து நின்ற இரண்டு சிறிய ஏவுகணைக் கப்பல்களையும் மூத்தது, இளையது என்றுதான் அழைப்போம். ஒரே வரைபடம், ஒரே இரும்பு, ஒரே சாம்பல் நிறப் பெயின்ட். இந்த வேகத்தில் போனால் கடைசிக் கோட்டிங்கை என் பேரன் வந்துதான் அடிப்பான் என்று வெல்டர் ரெனாத் சொல்வான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

தாமதத்துக்கு நாங்கள் காரணம் இல்லை. இதை எவன் முகத்துக்கு நேராகவும் சொல்வேன். கப்பலின் உடம்பைக் கட்டி முடித்து எப்போதோ தண்ணீரில் இறக்கிவிட்டோம். எஞ்சின்தான் இல்லை. ஜெர்மனியிலிருந்து வருவதாக இருந்தது. கிரிமியாவை எங்கள் நாடு எடுத்துக்கொண்ட பிறகு அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதனாலென்ன, நாமே செய்துகொள்வோம் என்று மேலிடத்தில் மார்தட்டினார்கள். தட்டிய தட்டில் எஞ்சின் ஒன்றும் முளைக்கவில்லை. எஞ்சின் ஆலையில் பழைய ஆட்கள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள், கடைசல் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ எஞ்சின் வெளியே வரும். அதற்கும் நாலைந்து யார்டுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

என் பெயர் நைல்யா. எஞ்சினைக் கப்பலுக்குள் உட்காரவைத்து, உந்துவிசிறியைச் சுழற்றுகிற ஷாஃப்டோடு ஒரே நேர்க்கோட்டில் பொருத்துகிற குழுவுக்கு நான் மேஸ்திரி. என் புருஷன் ஸகார் கடற்படைக்காரன். இளையதின் எஞ்சின் அறை அவன் பொறுப்பு. கப்பல் முடியும் முன்பே அதில் போகப் போகிறவர்களை யார்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கூட இருந்து பழகிக்கொள்ளட்டும் என்று. அப்படி வடக்கிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவன்தான். கப்பல் முடியவில்லை, கல்யாணம் முடிந்தது. தாமதத்துக்காக அரசாங்கம் கொடுத்த நஷ்டஈடு நீதான் என்று என்னைக் கேலி செய்வான்.

இளையதுக்கு மூன்று எஞ்சின் வேண்டும். வந்தது ஒன்றே ஒன்று. அதை ஸகார் பார்த்துக்கொண்ட அழகுக்கு முன்னால் ஒற்றைப் பிள்ளை பெற்றவர்கள் தோற்றார்கள் போங்கள். எங்கும் போகாத எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவான், கரையில் கட்டிய கப்பலிலேயே அதை ஓட்டிப் பார்ப்பான், எந்த வால்வு காலையில் முரண்டு பிடிக்கிறது என்று சாப்பிடும்போது எனக்குச் சொல்வான். கடலுக்குப் போக வேண்டும் என்பது அவனுக்கு உயிர். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் போனால் வயதாகிவிட்டது என்று அவனைக் கரையிலேயே உட்கார்த்திவிடுவார்கள்.

எனக்கோ அவன் போகக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். தெற்கே கடலில் நடக்கிற சண்டையை எந்தச் சொல்லால் சொல்லக் கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் ‘அங்கே’ என்போம். இந்த வரிசையில் எங்கள் யார்டிலிருந்து முதலில் போன கப்பல் நதி வழியாகவே இறங்கி, கால்வாயைத் தாண்டி, அங்கே போய்ச் சேர்ந்தது. ஒரு காலையில் அதை அடித்துவிட்டார்கள். டிவியில் மூச்சு விடவில்லை. எஞ்சின் அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூட மேலே வரவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த அறையிலிருந்து மேலே வர ஒரே ஒரு ஏணிதான் உண்டு. அதைப் பொருத்தியவர்கள் நாங்கள், அது எவ்வளவு குறுகல் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே எஞ்சின் வராத ஒவ்வொரு மாதமும் எனக்கு நல்ல மாதம். யார்டே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும், நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வேன், வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவேன். தேசத் துரோகம் என்பீர்களோ? சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் மூத்தது நதியில் சோதனை ஓட்டத்துக்குப் போனது. அதற்கு மூன்று எஞ்சினும் வந்துவிட்டிருந்தன. முழு வேகத்தில் நடு எஞ்சினுக்குள் ஏதோ ஒரு தண்டு முறிந்து, எஞ்சின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, எண்ணெய் தீப்பிடித்தது. மூத்ததின் எஞ்சின் அறை அதிகாரி கிலேப் பக்கத்திலேயே நின்றிருந்தான். சின்னப் பையன், ஸகாரிடம் வேலை கற்றவன். இழுவைப் படகு கப்பலைக் கட்டி இழுத்து வந்தது. அவனை மேலே தூக்கியபோது நான் கரையில் நின்றிருந்தேன், கையும் முகமும் வெந்துபோயிருந்தன.

மூத்தது இந்த வருஷமே போய்விடும் என்று மாஸ்கோவுக்கு யாரோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். நவம்பரில் நதி உறைந்துவிடும், கால்வாய் மதகுகளை மூடிவிடுவார்கள், அப்புறம் வசந்தம் வரை ஒரு படகும் நகராது. புது எஞ்சினுக்கு ஆலை சொன்ன நாளோ அடுத்த வருஷத்தில் இருந்தது. அப்போதுதான் தலைமைக் கட்டுநர் இக்னாத் ரொமானிச் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் முதலில் டீ ஊற்றிக் கொடுப்பார். அன்றைக்கு டீயோடு செர்ரி ஜாமும் வைத்தார். இளையதின் எஞ்சினைக் கழற்றி மூத்ததில் வைக்க வேண்டியிருக்கிறது, உன் வீட்டுக்காரர் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குப் புரிகிறது, வேண்டுமானால் வேறு குழுவைப் போடுகிறேன் என்று இழுத்தார். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கானால் உள்ளுக்குள் குதூகலம் தாங்கவில்லை. இருக்கிற ஒன்றும் போய்விட்டால் இளையது இன்னும் எத்தனையோ வருஷத்துக்கு அந்தச் சுவரைவிட்டு நகராது. ஸகாரும் நகரமாட்டான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஸகார் கரண்டியைச் சூப்பிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

“என் கப்பலை நீயே அறுக்கப் போறியா, நைலு?”

“வேற எவனாவது அறுத்தா கோணலா அறுப்பான். அப்புறம் அதை ஒட்டவைக்கிறதும் நான்தானே.”

அவன் சிரிக்கவில்லை. மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மேல்தளத்தை அறுத்துத் திறந்தோம். குழாய்களைப் பிரித்தோம், வயர்களை அவிழ்த்தோம், போல்ட்டுகளைக் கழற்றினோம். நான் யாரையும் டீ குடிக்கக்கூட விடவில்லை. தீப்பிடித்த வீட்டில் சாமான் எடுக்கிற மாதிரி என்ன வேகம் அக்கா இது என்று ரெனாத் கேட்டான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். கிரேன் எஞ்சினை மேலே தூக்கியபோது ஸகார் கரைச்சுவரில் நின்று தொப்பியைக் கழற்றினான். சவ ஊர்வலத்துக்குக் கழற்றுவது போலத்தான் கழற்றினான். பாவமாக இருந்தது. ஆனால் உயிரோடு இருக்கிற புருஷனுக்காகப் பாவப்படுவது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை.

எஞ்சின் மூத்ததுக்குள் இறங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும். இக்னாத் ரொமானிச் எங்கள் பட்டறைக்கே வந்தார். டீ இல்லை, ஜாம் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. கிலேபுக்குக் கை சரியாக வசந்தம் ஆகும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். வேறு ஆள் கேட்டால், இந்த எஞ்சினை ஓட்டிப் பழகியவர் எங்களிடம் யாரும் இல்லை என்று கடற்படையில் கையை விரித்துவிட்டார்களாம்.

“அந்த எஞ்சினோட குணம் தெரிஞ்சவர் ஒருத்தர்தாம்மா. அதோடவே அவரையும் மூத்ததுக்கு மாத்திட்டாங்க. உன் வீட்டுக்காரர் பட்ட கஷ்டத்துக்கு விடிவு காலம் வந்துடுச்சு.”

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அந்த மனிதர் சொன்னார். கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்தேன், அது சரிந்து கீழே விழுந்தது, அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. ஸகாரைக் காப்பாற்றுவதாக நினைத்து, போகிற கப்பலுக்கு அவனை என் கையாலேயே தூக்கிவைத்திருக்கிறேன். என்னைவிட முட்டாள் இந்த நதியின் இரண்டு கரையிலும் இருக்க மாட்டாள்.

அன்றைக்கு ஸகார் தேன் கேக்கும் ஒரு பாட்டில் வோட்காவும் வாங்கிக்கொண்டு, சீட்டி அடித்துக்கொண்டு வந்தான். வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தான். நான் உதறினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அங்கே போன கப்பல் என்ன ஆயிற்று என்று தெரியாதா, ஏணியின் அகலம் தெரியாதா, வயதாகிவிட்டது, முழங்கால் வலிக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டு இங்கேயே கிடக்கத் தெரியாதா என்று கத்தினேன். எழுதிக்கொடுத்தால் என்னை விட்டுவிடுவார்களா, அப்படியே விட்டாலும் கிலேபுக்குக் கீழே வேலை பார்க்கிற பையன்களில் ஒருத்தனைப் பிடித்து நிறுத்துவார்கள், அவனுக்கு அந்த எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, எல்லோரையும் எரித்துவிடுவான் என்று பொறுமையாகச் சொன்னான். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“நான் சந்தோஷப்பட்டேன் தெரியுமா?” என்றேன். “உன் கப்பல் நின்னுபோச்சேன்னு சந்தோஷமாத்தான் அந்த எஞ்சினைக் கழட்டினேன்.”

“தெரியும்,” என்றான். “நீ இவ்வளவு வேகமா வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்லையே.”

கேக்கை வெட்டினேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மறுநாளிலிருந்து எஞ்சினை ஷாஃப்டோடு நேர்ப்படுத்துகிற வேலை. எஞ்சின் பக்கத்து வட்டும் ஷாஃப்ட் பக்கத்து வட்டும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். நடுவில் இருக்கிற இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எஞ்சினின் காலுக்கடியில் மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் சரி செய்வோம். ஒரு பக்கம் தலைமுடி அளவு கூடிவிட்டால் போதும். முதலில் நன்றாகத்தான் ஓடும், பிறகு அதிரத் தொடங்கும், பேரிங் சூடாகும். கப்பல் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பி வந்து, பிரித்து, மறுபடி பொருத்துவதற்குள் நதி உறைந்துவிடும். ஒரு குளிர்காலம் முழுக்க அவன் என்னோடு இருப்பான். வசந்தத்தில் கிலேப் வந்துவிடுவான், அதற்குள் ‘அங்கே’யே முடிந்துவிடலாம். தண்ணீரில் நிற்கிற கப்பல் வளையும், அதனால் அளவு மாறிவிட்டது என்று சொன்னால் கப்பலைச் சோதித்து ஏற்றுக்கொள்கிற கமிஷன்காரர்கள் நம்பிவிடுவார்கள்.

ரெனாத் சாப்பிடப் போயிருந்தபோது நான் ஒரு தகட்டைக் கூடுதலாக வைத்தேன். வைத்தேன் என்றே சொல்கிறேன். போல்ட்டை இறுக்கவும் ஆரம்பித்தேன். அந்த அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆனாலும் கருகிய வாடை போகவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில், கிலேப் நின்ற அதே இடத்தில், ஸகாரின் வேலைச்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலேயே வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். சூடாகிற பேரிங் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆளைத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு மட்டும் கெட்டுப்போ, ஆளைச் சுடாதே என்று ஒரு எஞ்சினிடம் சொல்லிவைக்க முடியாது. கெட்டால் இங்கே எரிவான், கெடாவிட்டால் அங்கே போவான். அங்கே போகிறவர்கள் எல்லோரும் சாவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே தகட்டை வெளியே எடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது பைத்தியக்காரத்தனம்தான். குளிரில் ஒரு முறை அளந்தேன், வெயில் பட்டுத் தளம் சூடேறியதும் மறுபடி அளந்தேன். எண்ணெய்த் தொட்டியை நிரப்பச் சொல்லி, கப்பல் கொஞ்சம் தாழ்ந்த பிறகு இன்னொரு முறை அளந்தேன். போதும் அக்கா, இது கப்பல், கைக்கடிகாரம் இல்லை என்று ரெனாத் கெஞ்சினான். எஞ்சின் பக்கத்தில் நிற்கப்போவது உன் புருஷனா, என் புருஷனா என்று கேட்டேன். அவன் விளக்கை எடுத்துப் பிடித்துக்கொண்டான்.

அக்டோபர் கடைசியில் சோதனை ஓட்டம். கமிஷன்காரர்கள், கடற்படைக்காரர்கள், பொருத்தியவர்கள் என்று நாங்கள் எல்லோரும் கப்பலில் இருந்தோம். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். முழு வேகத்தில் நதி பின்னால் வெள்ளையாகக் கிழிந்து போனது. மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது அதன் தலையில் ஒரு காசை விளிம்பில் நிறுத்திப் பார்ப்பார்கள். கொஞ்சம் அதிர்ந்தாலும் விழுந்துவிடும். இந்த வகை எஞ்சினில் அது நின்று நான் பார்த்ததில்லை. இக்னாத் ரொமானிச் பையிலிருந்து ஒரு பத்து ரூபிள் காசை எடுத்து நிறுத்தி, கையை மெதுவாக எடுத்தார். கமிஷன்காரர்கள் குனிந்து பார்த்தார்கள்.

நான் ஏணியடியில் நின்று அந்தக் காசையே பார்த்தேன். விழு என்றேன். வாய்விட்டே சொல்லியிருப்பேன், அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? விழுந்துவிடு, திரும்பிப் போய் இன்னொரு முறை சரிபாருங்கள் என்று அவர்கள் சொல்லட்டும், கரையோரம் ஏற்கெனவே பனித்தகடு கட்ட ஆரம்பித்துவிட்டது, விழு. ஸகார் எஞ்சினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். காதை மூடியிருந்த கவசத்தோடு, தன் கையைத் தூக்கிக் காட்டி, என்னைச் சுட்டிக்காட்டினான். உன் கை, நைலு, உன் கை என்று அவன் உதடு சொன்னது.

காசு நின்றது. வியாழக்கிழமை மூத்தது ஸகாரை ஏற்றிக்கொண்டு தெற்கே இறங்கிப் போனது, ஒரு சின்ன அதிர்வுகூட இல்லாமல்.