மூன்றாவது அளவு

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள். எட்டரை மணிக்கே சுகாதார நிலையத்தின் பெஞ்சுகள் நிறைந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் மஞ்சள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். அந்தச் சுவரில் ஒரு கரும்பலகை. "பிரசவத்தில் தாய் இறக்காத நாட்கள்" என்று மேலே வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். கீழே உள்ள எண் மட்டும் சாக்பீஸ். பெரிய சிஸ்டர் தினமும் உள்ளே நுழைந்ததும், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், நேற்றைய எண்ணைத் துடைத்துவிட்டு இன்றைய எண்ணை எழுதுவார். அன்றைய எண் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

எட்டரை வருடம் ஒரு தாயையும் பறிகொடுக்காத நிலையம் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. மழையிலும் வெயிலிலும் வீடு வீடாக நடந்து அவர் சம்பாதித்த பெயர். அவரைப் பற்றியோ, அவர் வீட்டைப் பற்றியோ, யாரும் ஒரு சொல் தாழ்வாகப் பேசியது கிடையாது. பேச அவர் இடம் கொடுத்ததும் கிடையாது.

ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு பழக்கம் புகுந்திருந்தது. ரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்க்க வேண்டும். மூன்றில் எது குறைவோ அதை மட்டும் அட்டையில் எழுத வேண்டும். மற்ற இரண்டையும் எங்கேயும் குறிக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதுதான் அங்கே முதல் கட்டளை.

இதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன், அழுத்தம் கூடியிருக்கிறது என்று ஒரு பெண்ணை அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மாதக் கூட்டத்தில் மேலதிகாரி நாற்பது பேர் நடுவே, "படியேறி வந்து மூச்சு வாங்கினவளுக்கெல்லாம் ஆம்புலன்ஸா சிஸ்டர்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் காதைவிட்டுப் போகவே இல்லை.

"அடுத்தது யாரு?" என்று சின்ன சிஸ்டர் கூப்பிட்டாள். வேலைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

ஏழு மாத வயிற்றோடு வந்து உட்கார்ந்தவளை அந்த வட்டாரத்தில் எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாய் ஓயாது. கருவியின் பட்டையைக் கையில் சுற்றியதுமே ஆரம்பித்தாள். "இப்படி இறுக்கினா பிரஷர் ஏறாம என்ன பண்ணும்? என் வீட்டுக்காரரைப் பக்கத்துல உக்கார வெச்சுப் பாருங்க, மிஷினே வெடிச்சிடும்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. முதல் அளவு நூற்று நாற்பத்தாறு. நூற்று நாற்பதைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். இரண்டாவது நூற்று நாற்பத்திரண்டு. கொஞ்ச நேரம் படுக்க வைத்துப் பார்த்த மூன்றாவது நூற்று முப்பத்திரண்டு. பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ம், முப்பத்திரண்டுன்னு எழுது" என்றார்.

வரிசையின் கடைசியில் ஒருத்தி சத்தமில்லாமல் நின்றாள். பெரிய சிஸ்டரின் மருமகள். எட்டு மாதம் முடிந்திருந்தது. கணவனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் மாமியாரும் அவளும்தான். விரலில் போட்டிருந்த மோதிரம் இப்போது கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. விரல் வீங்கி மோதிரம் ஏறாமல் போய் இரண்டு வாரம் ஆகிறது.

"தலை வலிக்குதா அக்கா?" சின்ன சிஸ்டர் மெதுவாகக் கேட்டாள்.

மருமகள் மாமியார் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "கொஞ்சம்தான். வெயில்ல வந்தேன்ல."

முதல் அளவு நூற்று ஐம்பத்தாறு. இரண்டாவது நூற்று ஐம்பத்திரண்டு. சின்ன சிஸ்டர் அவளை இடது பக்கமாகப் படுக்க வைத்து, அரை மணி நேரம் விட்டுப் பார்த்தாள். நூற்று முப்பத்தெட்டு.

"மேடம், முதல் ரெண்டும் ரொம்ப..."

"முப்பத்தெட்டு. எழுது."

"ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில காட்டிட்டா..."

"எதுக்கு?" பெரிய சிஸ்டரின் குரல் உயரவில்லை. அவர் குரல் எப்போதும் உயராது; அதனால்தான் எல்லோருக்கும் பயம். "நர்ஸ் வீட்டு மருமகளையே பார்த்துக்கத் தெரியலைன்னு ஊர் பேசணுமா? என் பிள்ளையை நான் பெத்தப்போ எனக்கும் கால் வீங்கிச்சு. எங்க வீட்டுல யாரும் கத்தினதும் இல்ல, ஆம்புலன்ஸ்ல போனதும் இல்ல."

சின்ன சிஸ்டர் எழுதினாள். பேனா மை சரியாக இறங்காததுபோல அந்த எண்ணின்மேல் இரண்டு முறை எழுதினாள்.

மறுநாள் மாதக் கூட்டம். மூவாயிரம் நாள் கடந்ததற்காகப் பெரிய சிஸ்டருக்கு அங்கே பாராட்டுச் சான்றிதழ். இஸ்திரி போட்ட உடுப்பில், நிமிர்ந்த முதுகோடு அவர் கிளம்பிப் போனார். சின்ன சிஸ்டருக்கு அன்று வீட்டு விசிட். பட்டியலில் ஐந்து வீடுகள் இருந்தன. பெரிய சிஸ்டரின் வீடு அதில் இல்லை. ஆனால் நூற்று ஐம்பத்தாறு என்ற எண் அவளை இரண்டு வீட்டுக்கு மேல் நடக்கவிடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொரு பக்கம். அவள் திரும்பி நடந்தாள்.

நல்ல வெயில் நேரத்தில் அந்த வீட்டு ஜன்னல் திரைகளெல்லாம் இழுத்து மூடிக் கிடந்தன. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே மருமகள் கட்டில் ஓரத்தில், இரண்டு கையாலும் கண்களைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு? கதவைச் சாத்துங்க. வெளிச்சம் குத்துது."

"நான்தான்க்கா. என்ன பண்ணுது?"

"கண்ணு முன்னாடி பொறி பொறியா பறக்குது. இங்க, நெஞ்சுக்குக் கீழ, யாரோ கையை விட்டுப் பிடிச்ச மாதிரி வலி." சட்டென்று சின்ன சிஸ்டரின் கையைப் பிடித்தாள். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. இன்னைக்கு அவங்களுக்குப் பெரிய நாள்."

சின்ன சிஸ்டர் பட்டையைச் சுற்றினாள். நூற்று எழுபத்திரண்டு. கீழ் அளவு நூற்றுப் பதினாறு.

காற்றை இறக்கினாள். அடுத்த கணமே அவள் கை மறுபடியும் பம்பை அழுத்தத் தொடங்கியது. இன்னொரு தடவை பார்க்கலாம், படுக்க வைத்தால் குறையும், மூன்றாவதில் கட்டாயம் குறையும். ஏழு மாதப் பழக்கம் அது. பாதியில் அவளுக்குத் தன் கையைப் பார்த்தே பயம் வந்தது. பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு போனை எடுத்தாள்.

"மேடம், உங்க மருமகளுக்கு நூத்தி எழுபத்திரண்டு."

எதிர்ப்பக்கம் கைதட்டல் கேட்டது. பெரிய சிஸ்டர் தாழ்ந்த குரலில், "என் வீட்டுக்கு உன்னை யாரு போகச் சொன்னது? இடது பக்கமா படுக்க வை. அரை மணி கழிச்சு இன்னொரு தடவை பாரு" என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

அரை மணி அங்கே இல்லை. மருமகளின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கண்கள் மேலே செருகின. மறு நொடி அந்த உடம்பு முழுவதும் கட்டிலோடு சேர்ந்து உதறியது. சின்ன சிஸ்டர் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் இடையே போனை இடுக்கி ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டாள்.

"பெரிய சிஸ்டர் கையெழுத்து இல்லாம வண்டி எடுக்கக் கூடாதும்மா. இருக்கா?"

"இல்லண்ணா. வலிப்பு வந்துடுச்சு. அவங்க வீட்டுல, அவங்க மருமகளுக்கே."

"கையெழுத்து கிடக்கட்டும். வண்டி எடுத்தாச்சு, பிடிச்சு வெச்சுக்கோ."

வண்டியின் அவசரப் பெட்டியில் வலிப்பை நிறுத்தும் ஊசி இருந்தது. படித்த நாளில் போட்டுப் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு அவள் அதைத் தொட்டதில்லை. அந்த நிலையத்தில் தேவைப்பட்டதே இல்லை என்று பதிவேடு சொன்னது. ஓடும் வண்டியில், இடுப்பின் இரண்டு பக்கமும் போட்டாள். பிறகு வழி முழுதும் வயிற்றின்மேல் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடிக்கொண்டே போனாள். சில நேரம் கேட்டது. சில நேரம் கேட்கவில்லை.

சேதி கேட்டுப் பெரிய சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சுருட்டிய சான்றிதழ் கையிலேயே இருந்தது. அவசரப் பிரிவின் வாசலில் டாக்டரம்மா மஞ்சள் அட்டையோடு நின்றார்.

"இந்த அட்டையை எழுதினது யாரு? நூத்தி இருபத்தாறு, முப்பது, முப்பத்தாறு, முப்பத்தெட்டு. இதைப் பார்த்தா நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்ல. உள்ள இருக்குற பொண்ணோட உடம்பு வேற கதை சொல்லுது. எத்தனை வாரமா இப்படி இருக்குன்னு தெரியாம நான் எதை நம்பி முடிவு எடுக்குறது?"

சின்ன சிஸ்டர் தலை குனிந்தாள். அட்டையில் இருந்தது அவள் கையெழுத்து. எழுதினது இவள்தான் என்று பெரிய சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி முழுவதும் அவள்மேல் விழுந்துவிடும். அவருக்கும் அது தெரிந்தது. தன் பெயர், நிலையத்தின் பெயர், மூவாயிரத்துச் சொச்சம் நாட்கள், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தப்பித்துவிடும்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், உயிரில்லாததுபோல ஒரு கை கட்டிலிலிருந்து தொங்கியது. வீங்கிய கை.

"நாலு வாரம்" என்றார் பெரிய சிஸ்டர். "முதல் வாரம் நூத்தி நாப்பத்தி நாலு, நாப்பது. அடுத்த வாரம் நாப்பத்தி எட்டு, நாப்பத்தி நாலு. மூணாவது வாரம் ஐம்பது, நாப்பத்தி ஆறு. நேத்து ஐம்பத்தி ஆறு, ஐம்பத்தி ரெண்டு." எழுதாத எண் ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை. "குறைஞ்சதை மட்டும் எழுதச் சொன்னது நான். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாற்பது பேர் சிரித்த சிரிப்பு எவ்வளவோ தேவலாம். பிறகு கதவு மூடிக்கொண்டது.

அன்றே அறுவை சிகிச்சை செய்து எடுத்த குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை; ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவே, மூச்சுக்கு மூச்சு போராடிக்கொண்டிருந்தது. தாய்க்கு வியாழன் காலையில்தான் கண் திறந்தது. யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு நேரம் பிடித்தது. பிறகு உதடு அசைந்தது.

"அத்தை... உங்க மீட்டிங் கெட்டுப்போச்சா?"

நிமிர்ந்தே பழகிய பெரிய சிஸ்டரின் முதுகு வளைந்தது. மருமகளின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. நிலையத்தின் அலமாரியில் அதே பழக்கத்தில் எழுதிய நகல் அட்டைகள் இன்னும் நாற்பத்தொன்று இருந்தன.

நேரே நிலையத்துக்கு வந்தார். கரும்பலகையைத் தாண்டிப் போனார். எட்டரை வருடத்தில் முதல் முறையாக சாக்பீஸை எடுக்கவில்லை. அட்டைகளை மேஜையில் பரப்பி, எழுதாமல் விட்ட எண்களை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, சின்ன சிஸ்டர் சிவப்புப் பேனாவால் குறித்தாள். ஒன்பது பேர் நூற்று நாற்பது என்ற கோட்டைத் தாண்டியிருந்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

மதியத்துக்குள் எட்டு வீடு முடிந்தது. இரண்டு பேரை அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒன்பதாவது வீடு ரேடியோவுடையது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்கள். பதில் இல்லை. தெருமுனை வரை குரல் கேட்கும் வீடு அது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "நேத்து முழுக்கத் தலைவலின்னு படுத்தே கிடந்தா சிஸ்டர். காலையில இருந்து சத்தத்தையே காணோம்" என்றாள்.

சின்ன சிஸ்டர் போன் செய்தாள். உள்ளே மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. பெரிய சிஸ்டர் உள்ளங்கை சிவக்கக் கதவை அறைந்தார். "அம்மாடி! கதவைத் திறம்மா! ஏதாவது பேசும்மா!" டிரைவர் தோளால் இடிக்கத் தயாராகப் பின்னால் நகர்ந்தார்.

தாழ்ப்பாள் விலகியது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ரேடியோ நின்றாள்.

"என்ன சிஸ்டர், போலீஸ் மாதிரி? ஒரு மனுஷியை நிம்மதியா குளிக்கக்கூட விடமாட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. உட்கார வைத்துப் பட்டையைச் சுற்றினார்கள். நூற்று ஐம்பத்தெட்டு. சின்ன சிஸ்டர் பெரிய சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"எழுது. இதைத்தான் எழுதணும்" என்றார் பெரிய சிஸ்டர். பிறகு தரையில், ரேடியோவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை அட்டையில் எழுதியது உண்மையல்ல என்பதை. தன் மருமகள் எங்கே, எப்படிக் கிடக்கிறாள் என்பதை.

ரேடியோ முதல் முறையாக வாயடைத்துப் போனாள். அவள் கை தானாகவே வயிற்றைச் சுற்றிக்கொண்டது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர். நான் பயந்திருப்பேன். பயந்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். உங்க பேருக்கு நீங்க பயந்ததுக்கு, என் குழந்தையை ஏன் பணயம் வெச்சீங்க?"

பெரிய சிஸ்டர் எழுந்து, ரேடியோவின் கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப் போனார்.

வண்டியில் ஏறும்போது ரேடியோ பழைய குரலை வரவழைக்கப் பார்த்தாள். "எனக்கு ஏதாவது ஆயிட்டா உங்க போர்டுல சைபர் போடணும்ல?"

"போர்டுல இனிமே எண் கிடையாதும்மா" என்றார் பெரிய சிஸ்டர், அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து. "நாம எழுதாம விட்ட எண் எங்கேயும் போறதில்ல. அது உங்க உடம்புக்குள்ளதான் இருந்திருக்கு. பேரைக் காப்பாத்துறோம்னு உண்மையை மறைச்சேன். பெத்தவ உயிரைத்தான் அதுக்கு விலையா வெச்சேன். எந்த வீடா இருந்தாலும், எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும், ஒரு தாயோட உயிருக்கு மேல காப்பாத்தவேண்டிய கௌரவம் ஒண்ணும் கிடையாது."

சின்ன சிஸ்டர் கதவைச் சாத்தினாள். வண்டி வேகம் எடுத்தது. பெரிய சிஸ்டர் ரேடியோவின் கையில் மறுபடியும் பட்டையைச் சுற்றினார். சிவப்புப் பேனா இந்தத் தடவை அவர் கையிலேயே இருந்தது.