நண்டு வலையில் வந்தது

செலியமேடு ஊரில் இருக்கும் இளவரசி தூரிகையைக் கீழே வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள்தான்; ஆனால் வரைவதில்லை, ஒட்டுவாள். தெருவில் கிடப்பதெல்லாம் அவளுக்குப் படம். கரும்புச் சோகை யானைக் காதாகும், சோடா மூடி நிலாவாகும்.

இந்த முறை வந்தது கடலடியைப் பற்றிய கதை. ஆறு படங்கள் ஒட்டி முடித்தாள். ஆறிலும் ஒரு குறை சொல்ல முடியாது; ஆறிலும் உயிர் இல்லை. மீன் வேண்டுமென்றால் தகரத்தை மீன்போல வெட்டினாள், பாசிக்குச் சாக்கு நூலில் பச்சை பூசினாள். அதற்குமேல் ஓடவில்லை. மூன்று வாரம் பசை டப்பாவைத் திறந்து மூடியதுதான் மிச்சம். பொறுக்குவதற்காவது ஏதாவது கிடைக்கட்டும் என்று ஒரு காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நல்லவாட்டுக் கடற்கரைக்குப் போனாள்.

கரையில் புகழ்வேந்தன் என்ற மீனவர் நண்டு வலையை விரித்திருந்தார். அவர் மனைவி கல்பனா, இளவரசியின் வயதுதான் இருக்கும், நண்டுகளை வலையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். வேண்டாததெல்லாம் ஓரமாகக் குவிந்தது. கேட்டுக்கொண்டு இளவரசி அந்தக் குவியலைக் கிளறினாள்.

உள்ளங்கையில் அடங்கும் கூம்பு ஒன்று அகப்பட்டது. அதன்மேல் சுற்றிச் சுற்றிச் சிப்பிகள், நடுநடுவே கூழாங்கற்கள், எல்லாம் அளந்து ஒட்டியதுபோல. பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரோ கண்காட்சிக்குச் செய்தது என்று நினைத்தாள். நல்ல கை என்றும் நினைத்தாள். என்ன பசை என்று பார்க்க ஒரு சிப்பியை நகத்தால் நெம்பினாள்.

“ஏய், பிக்காத! உசுரு இருக்குது அதுல,” என்றாள் கல்பனா.

“யாரு ஒட்டுனது இது?”

“அதுவேதான் ஒட்டிக்கினு இருக்குது. நத்தை அது. எப்பவாச்சும் வலையில வரும்.”

“அதுவேவா?”

“பின்ன, நானா கடலுக்குள்ள போயி ஒட்டிட்டு வந்தேன்?” கல்பனா சிரித்தாள்.

இளவரசி அதைப் புரட்டினாள். அடியில் சங்கின் வாய் இறுக மூடியிருந்தது. ஒரு வாளியில் கடல்நீர் மொண்டு அதை உள்ளே விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. வெகுநேரம் கழித்து மூடி விலகி, மெல்லிய இரண்டு உணர்கொம்புகள் வெளியே வந்தன. பிறகு அந்த நத்தை ஒற்றைக் காலை ஊன்றி, அத்தனை சிப்பியையும் கல்லையும் சேர்த்துத் தூக்கி, ஒரு விரற்கடை முன்னால் தாவி விழுந்தது.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

குனிந்து பார்த்தாள். உச்சியில் ஒட்டியிருந்தது கடுகளவு. அடுத்தது உளுந்தளவு. சுற்று விரிய விரிய நகமளவு, ஓரத்தில் கட்டைவிரல் அளவு. குஞ்சாக இருந்த நாளிலிருந்து தன் அளவுக்குத் தகுந்ததைத் தேடித் தேடி ஒட்டியிருக்கிறது! சிப்பிகள் எல்லாம் குழிந்த பக்கம் மேலே பார்த்திருந்தன. எதையும் அது வெட்டவில்லை, எதற்கும் சாயம் பூசவில்லை. மூன்றாம் சுற்றில், நீலக் கோடு போட்ட பீங்கான் துண்டு ஒன்றுகூட இருந்தது. கையில்லாத ஒரு பிராணி, வெளிச்சம் மங்கிய கடலடியில்.

“இன்னாத்துக்கு அழுவுற?” என்றாள் கல்பனா.

“தெரியலப்பா.”

புகழ்வேந்தனும் வந்து குந்தினார். “இருவது வருசமா வலை போடுறேன். வலையக் கிழிக்குதேன்னு வீசிடுவேன். இப்பிடிக் குந்திப் பாத்ததே இல்ல,” என்றார். கல்பனாவும் நண்டை விட்டுவிட்டு வந்தாள். மூன்று தலைகள் ஒரு வாளிக்குமேல் கவிழ்ந்திருந்தன. நத்தை இன்னொரு முறை தாவியது.

அன்றைக்கே அவர் படகில் அவளைக் கூட்டிப்போய், வலை போட்ட இடத்தில் நிறுத்தினார். இளவரசி இரண்டு கையாலும் அதைத் தண்ணீருக்குள் விட்டாள். சிப்பிகள் ஒருமுறை மினுங்கின. பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும்.

வீட்டுக்கு வந்து ஆறு படங்களையும் ஒதுக்கிவைத்தாள். கத்தரிக்கோலைத் தொடவில்லை. நல்லவாட்டு மணலில் கிடைத்த பொருளைக் கிடைத்தபடியே வைத்து, அது எந்த இடத்தைக் கேட்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒட்டினாள். நான்கு மாதம் பிடித்தது.

புத்தகம் வந்ததும் கரைக்குப் போய் ஒரு பிரதியைக் கல்பனாவிடம் கொடுத்தாள். கல்பனா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். “இது மிதவைக் கட்டை. இது நண்டு ஓடு. இது எங்க வலைக் கயிறுதானே?” என்றவள் நிமிர்ந்து, தினமும் மிதித்து நடக்கும் மணலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“இத்தினியுமா இங்க கெடந்துச்சு?”