பதினோராவது நிலையத்தின் கதவு

முப்பத்துநான்கு வருடம் ரயிலில் கார்டாக இருந்து நான் மூடிய கதவுகளைக் கழற்றி அடுக்கினால், வீட்டுக்கு நூறு கதவு என்று ஊருக்கே கொடுக்கலாம்; மிச்சத்தில் கடலுக்கு வேலி போடலாம். அன்று காலை வாசலில் வந்து நின்ற தையல்காரப் பெண்ணிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். புது ஆள் கிடைத்தால் நான் விடுவதில்லை. கதவில் வால் மாட்டிய மாடு ஒன்று ஏழு ஸ்டேஷன் தூரம் வண்டியையே இழுத்துக்கொண்டு ஓடிய கதையை ஆரம்பித்தபோது, அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“அண்ணே, இது உங்க எழுத்துதானே?”

என் எழுத்துதான். கார்டு எழுதிக் கொடுக்கும் பயணக் குறிப்பின் நகல், இரண்டு வருடத்துக்கு முந்தையது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நேராக, ‘கதவுகள் மூடின’. பதினோராவது நிலையத்தில் வண்டி கிளம்பியதும் நான்காம் பெட்டியிலிருந்து விழுந்து இறந்தவர் இவள் கணவர். கண்ணாடி பொருத்துகிறவர். இழப்பீடு கேட்டவளுக்கு, கதவு மூடியிருந்ததாகக் குறிப்பு இருக்கிறது, அவரேதான் நெம்பித் திறந்திருக்க வேண்டும் என்று பதில் வந்திருந்தது. மேல்முறையீட்டு விசாரணை செவ்வாய்க்கிழமை.

என் வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

தையல்காரி, துணியில் தையல் பார்ப்பதுபோல வரிகளின் மேல் விரலை ஓட்டினாள். “இது ஓடுற வண்டியில எழுதின எழுத்து இல்லண்ணே. ஒரு ஆட்டம் இல்ல, கோடு போட்டுத் தச்ச மாதிரி போகுது. அன்னைக்கு வண்டி பதினொண்ணோட நின்னுபோச்சு. நீங்க பன்னெண்டாவதுலயும் கதவு மூடினதா எழுதியிருக்கீங்க. பத்தொம்பது வரைக்கும்.”

எங்கள் எல்லோருக்கும் வழக்கம் அது. முதல் நிலையத்திலேயே, டீ ஆறுவதற்குள், பத்தொன்பது வரிகளையும் எழுதி முடித்துவிடுவோம். அன்று இருந்த களேபரத்தில் தாளை அப்படியே கொடுத்துவிட்டேன். வாங்கியவர்களும் பதினோராவது வரியைத் தாண்டிப் படிக்கவில்லை.

“பணம் வந்தா வரட்டும்ணே. அவரா கதவை நெம்பினாருன்னு எழுதியிருக்காங்க. எம்பொண்ணு அதைப் படிச்சிட்டு, அப்பாவுக்கு நம்ம நெனப்பே இல்லையாம்மான்னு கேக்குறா. அந்த ஒரு வரியை அடிச்சு எடுக்கணும். செவ்வாய்க்கிழமை நீங்க வந்து சொல்லணும்ணே.”

அவள் போன பிறகு வீட்டுக்காரி, அங்கே போயாவது அளக்காமல் வாருங்கள் என்றாள். பென்ஷனில் கை வைப்பார்களா என்று அவளும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை அறையில் ரயில்வே தரப்பில் வந்திருந்தவர் என்னோடு வேலை பார்த்தவர். மாட்டுக் கதையை நாற்பது தடவையாவது கேட்டவர். இவர் அளக்க ஆரம்பித்தால் அளவுநாடாவே பத்தாது என்று அதிகாரியிடம் சொன்னார். அறை சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன். மடியில் கைகளை வைத்துக்கொண்டு தையல்காரி என்னையே பார்த்தாள்.

கதவு திறந்திருந்ததை நேரில் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார்.

“பாக்கல சார். மூடியிருந்ததையும் பாக்கல. தலையை நீட்டிப் பாக்கணும், அதுக்குத்தான் சம்பளம். பாக்காமலே, கிளம்பச் சொல்லி பெல் அடிச்சேன்.”

“ஏன் பாக்கல?”

இதை வீட்டுக்காரியிடம்கூட நான் சொன்னதில்லை.

“டிரைவர்கிட்ட போன்ல மாட்டுக் கதை சொல்லிட்டிருந்தேன். கதையில வால் மாட்டுற கட்டம் அது.”

ரயில்வே தரப்பு ஆள் சிரிப்பதற்கு வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. பிறகு மெதுவாக அதையும் அடித்தாள்.

தீர்ப்பைத் தபாலில் அனுப்புவார்களாம். திரும்பும்போது தையல்காரியும் நானும் ஒரே வண்டியில் ஏறினோம். அவள் உட்காரவில்லை. நானும் நின்றேன். ஏழெட்டு ஸ்டேஷன் வரை வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குச் சொல்ல ஒரு கதையும் கிடைக்கவில்லை.

“டிரைவர் சிரிச்சாராண்ணே?” என்றாள்.

“சிரிச்சாரும்மா.”

தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்த நிலையத்தில் ஆட்கள் ஏறினார்கள், பெல் அடித்தது, இரண்டு கதவுகளும் வந்து சேர்ந்தன. அவள் நெருங்கிப் போய், அவை சேர்ந்த கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இறக்கினாள், எங்கேயாவது காற்று வருகிறதா என்று.